முட்டை போட்ட விசுக்கோத்து

சீனியையும் பட்டரையும் ஒன்றாகப் போட்டுக் கையால் பிசையும்போது முதலில் சீனி விரலிடுக்குகளில் நறநறவென்று உராய்ந்துகொண்டே இருக்கும். பிறகு, எப்போதென்று சொல்ல முடியாத ஒரு கணத்தில், அந்த நறநறப்பு நின்றுபோய்க் கை வழுக்கத் தொடங்கிவிடும். அந்தக் கணத்தைப் பிடித்துவிட வேண்டுமென்று நானும் என் தங்கை தவமணியும் ஒரு மார்கழிக் காலையில் ஓவசியர் வீட்டுக் குசினியில் கண்களை மூடிக்கொண்டு பிசைந்தோம். பிடிக்க முடியவில்லை. இப்போது நின்றுவிட்டது என்று அவள் சொன்னபோது எனக்கு இன்னும் நறநறத்தது. எனக்கு நின்றபோது அவள் கையை வெளியே எடுத்து நக்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அப்போது எட்டு வயது. தவமணிக்கு ஆறு, சின்னவள் கமலிக்கு மூன்றரை. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, நாங்கள் வடமராட்சியிலிருந்து உருத்திரபுரத்துக்கு வந்து நாலு வருஷமாகியிருந்தது. ஐயாவும் அம்மாவும் பள்ளிக்கூட வாசலை மிதியாதவர்கள். ஆகையால், வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாளை அறிவிக்கும் துண்டானாலும், ஊரிலிருந்து பெரியப்பா யாரையாவது பிடித்து எழுதுவிக்கும் கடிதமானாலும், மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் கைக்குத்தான் வரும். நான் எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்கும்வரை இருவரும் மூச்சுவிடாமல் நிற்பார்கள். ஐயா என்னை "எங்கடை வீட்டுப் பிறக்கிறாசி" என்று அயலவருக்குச் சொல்லுவார். வழக்குப் பேசுகிறவர்களை அந்நாளில் அப்படித்தான் சொல்வது. அந்தப் பட்டம் எனக்குப் பிடித்திருந்தது. படித்தவன் சொன்னால் வீட்டில் எதிர்ப்பேச்சு இல்லை என்பதை எட்டு வயதிலேயே நன்றாகத் தெரிந்து வைத்திருந்தேன்.

அன்று விடியப்புறம், திருவெம்பாவைக் கூட்டம் சங்கும் சேமக்கலமுமாக எங்கள் வாசல் படலையைக் கடந்து போய்க்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு வயிற்றுக்குத்துத் தொடங்கியது. மாதம் இன்னும் இருந்தது. ஐயா மழைக்குள் நனைந்து நனைந்து வண்டிலைப் பூட்டினார். பக்கத்து வளவுப் பொன்னம்மாக்கா அம்மாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு ஏறினார். வண்டில் கிளிநொச்சி ஆசுப்பத்திரிக்குப் போயிற்று. பொன்னம்மாக்காவின் புருஷன் செல்லத்துரையண்ணருக்கு மாட்டையும் வயலையும் பார்க்க வேண்டியிருந்ததால், எங்கள் மூவரையும், எங்கள் வளவுக்கு எதிரே வாய்க்கால் கட்டோரத்தில், நீர்ப்பாசன வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் இருந்த குவாட்டேசில் கொண்டுபோய் விட்டார்.

ஓவசியரின் மனைவி, எங்களுக்கு ஓவசியர் மாமி, யாழ்ப்பாணப் பட்டணத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அவருடைய மகன்மார் இருவரும் பட்டணத்தில் விடுதியில் நின்று படித்தார்கள். நத்தார்ப் பெருநாளுக்கு வருவதற்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. ஈரத் தலைகளோடு வாசலில் நின்ற எங்களை ஒவ்வொருவராகத் துவட்டிவிட்டு, தேத்தண்ணி தந்துவிட்டு, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கமலி "அம்மா எப்ப வருவா" என்று கேட்கத் தொடங்கியிருந்தாள். அவள் கேட்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டாள். அப்போதுதான் மாமி விசுக்கோத்துச் சுடுவோமா என்று கேட்டார்.

தவமணி பயந்துபோனாள்.

"ஆருக்கு மாமி காய்ச்சல்?"

மாமி சிரித்த சிரிப்பில் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆனால் தவமணி கேட்டதில் பிழை ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் விசுக்கோத்து என்பது காய்ச்சல்காரரின் சாப்பாடு. காய்ச்சல் வந்தால் சோறு நிறுத்தப்படும். பார்க்க வருகிறவர்கள் கடதாசிப் பையில் அரை இறாத்தல் விசுக்கோத்தோடு வருவார்கள். காய்ச்சல் விட்டதும் மிச்சம் இருந்தால் அது அடுத்த காய்ச்சலுக்கென்று எடுத்து வைக்கப்படும். சுகமாக இருக்கிறவன் விசுக்கோத்துத் தின்பதை நான் கண்டதில்லை. அதை ஒரு வீட்டுக் குசினியில் மனிதர் கையால் செய்யலாம் என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதுவரை அது தகரத்துக்குள்ளேயே உண்டாவது என்றுதான் நினைத்திருந்தேன்.

"ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்லை," என்றார் மாமி. "உங்கடை வீட்டை புதுசா ஒராள் வாறாரெல்லே. அவரைப் பாக்க வாற சனத்துக்குக் குடுக்க ஒண்டும் வேண்டாமே?"

ஆக, அவை எங்கள் வீட்டு விசுக்கோத்துக்கள். தம்பிக்கான விசுக்கோத்துக்கள். தம்பி என்று முடிவு கட்டிக்கொண்டது நான்தான். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பெண்கள் இருந்தது போதும் என்பது என் எண்ணம். பிசைந்த கைகளுக்கு அதன்பிறகு வேகம் கூடியது.

சீனி கரைந்த பிறகு மாமி பின்வளவுக் கோழிக்கூட்டிலிருந்து எடுத்து வந்த முட்டையொன்றைச் சட்டி விளிம்பில் தட்டினார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. வீட்டில் திருவெம்பாவைப் பத்து நாளும் மச்சம் கிடையாது. மீன் சட்டியைச் சாம்பல் போட்டுக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வேறு சட்டியில்தான் அம்மா சமைப்பார். முட்டையும் மச்சக் கணக்கில்தான் சேரும். நான் சொன்னேன்.

"மாமி, எங்களுக்குத் திருவெம்பா."

மாமியின் கை அந்தரத்தில் நின்றது. முட்டை வெடித்து, வெள்ளை ஒரு நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. தான் அதை யோசிக்கவேயில்லை என்றார். முட்டை போடாமலும் சுடலாம், ஆனால் கல்லு மாதிரி வரும் என்றார். பிறகு என்னைப் பார்த்தார். மற்றப் பெண்கள் எட்டு வயதுப் பொடியனைப் பார்க்கும் பார்வையல்ல அது.

"நீர்தானே மூத்தவர். சொல்லும், போடுவமோ, விடுவமோ?"

என்னை அதற்குமுன் யாரும் "நீர்" என்று சொன்னதில்லை. தவமணி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கமலி சட்டிக்குள் விரலை விட்டிருந்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, முட்டை மச்சமில்லையாம், அதுவும் பால் மாதிரித்தானாம், வாத்தியார் படிப்பித்தவர் என்று சொன்னேன். எந்த வாத்தியாரும் அப்படிப் படிப்பிக்கவில்லை. ஆனால் எங்கள் சமய வழக்கம் மாமிக்குத் தெரியாது, தங்கச்சிகளுக்கோ நான் சொன்னால் சரி. முட்டை சட்டிக்குள் விழுந்தது.

அதன் பிறகு நடந்தவற்றை என் சிறுவயதிலேயே மிகச் சந்தோஷமான மணித்தியாலங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வது சரியோ என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மாவையும் சேர்த்துப் பிசைந்து, மா தூவிய பலகையில் போத்தலால் உருட்டினோம். மருந்துப் போத்தல் மூடியால் வட்டம் வட்டமாக வெட்டினோம். தவமணி ஒவ்வொரு வட்டத்திலும் ஈர்க்கினால் ஐந்து ஓட்டை குத்தினாள். கமலி தன் பங்கை வெட்டாமல், பாம்பு உருட்டி, அது பாம்பு அல்ல, அம்மா என்று சாதித்தாள். அம்மாவுக்கு ஏன் கால் இல்லை என்று நான் கேட்க, "அம்மா படுத்திருக்கிறா" என்றாள். மாமி மறுபடியும் கதிரையைப் பிடித்துக்கொண்டார். மாமியின் போறணை என்பது படுக்கப் போட்ட ஒரு மண்ணெண்ணெய்த் தகரம்தான்; கீழே பாலை விறகுத் தணல், மேலே ஒரு தகட்டில் அதே தணல், வாயை மூட இன்னொரு தகரத் துண்டு. கிட்டப் போகக்கூடாது என்று கரியால் நிலத்தில் ஒரு கோடு கீறிவிட்டார். நாங்கள் மூவரும் அந்தக் கோட்டில் வரிசையாகக் குந்தியிருந்து தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே மழை பெய்தது. உள்ளே வீடு முழுக்க ஒரு மணம் எழுந்தது. அப்படியொரு மணம் எங்கள் வளவில் எந்தக் காலத்திலும் எழுந்ததில்லை.

முதல் தட்டு வெளியே வந்தபோது ஓவசியர் வீட்டுச் சுவர் மணிக்கூடு பதினொன்று அடித்தது. இதை நான் இவ்வளவு நிச்சயமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மணிக்கூடு அடிப்பதைப் பக்கத்திலிருந்து கேட்பது எனக்குப் புதிது, ஒவ்வொன்றாக எண்ணினேன். பதினோராவது அடி முடிய, ஊதி ஊதிச் சூடு ஆற்றி, வாயில் போட்டேன். மொத்தம் நாலு தின்றேன்.

ஐயா பின்னேரம்தான் வந்தார். ஜன்னலால் முதலில் கண்டவள் தவமணி. எங்கள் வண்டில் தெருவில் நின்றது. பொன்னம்மாக்கா இறங்காமல் உள்ளேயே இருந்தார். மடியில் ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலம். ஐயா மாமியின் வாசலுக்கு வராமல் வேலிக்கு வெளியே நின்று ஏதோ சொன்னார். மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு ஐயா எங்கள் பக்கம் திரும்பாமலே எங்கள் வளவுக்குள் போய், மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு வந்து வண்டிலில் ஏறினார். இந்த மழைக்குள் எந்த வாய்க்காலை வெட்டப் போகிறார் என்று நான் யோசித்தேன். என் வாயில் அப்போதும் விசுக்கோத்து இருந்தது.

மாமி உள்ளே வந்து கமலியின் வாயைத் துடைத்தார். விசுக்கோத்துக்களை ஒரு தகரத்தில் அடுக்கித் தவமணியிடம் கொடுத்தார். கொடுத்த கையோடு திருப்பி வாங்கினார். அலுமாரியில் வைத்தார். வாசல்வரை போன பிறகு, திரும்பி வந்து, அலுமாரியைத் திறந்து, மறுபடியும் தவமணியின் கையில் கொடுத்தார். எதற்காக இப்படிச் செய்கிறார் என்று எங்களுக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

யாரும் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பொழுதுபடுகிற நேரம் வீட்டுக்கு வந்த ஐயா, குளித்துவிட்டு, ஈரச் சாரத்தை உதறியபோது மடிப்பிலிருந்து ஒரு துண்டு விழுந்தது. அதை எடுத்து என்னிடம் நீட்டினார். பிள்ளை பிறந்த நேரத்தைச் சாதகம் கணிக்கக் குறித்து வைத்துக்கொள்வது எங்கள் ஆட்களின் வழக்கம். ஐயாவுக்கு எழுதத் தெரியாததால் ஆசுப்பத்திரியில் ஒருவரைக் கேட்டு எழுதுவித்திருந்தார்.

"தம்பி, இதை ஒருக்கா வாசி. ஆம்பிளைப் பிள்ளை. நேரம் போட்டுக் கிடக்கு."

அப்படித்தான் எனக்கு ஒரு தம்பி பிறந்தது தெரிந்தது. வாங்கிப் பார்த்தேன். மை மழையில் கரைந்திருந்தது. ஓர் ஒன்று தெளிவாகத் தெரிந்தது, அதற்குப் பக்கத்தில் நீலமாகக் குளம் கட்டி நின்றது, அதற்கப்பால் ஒன்றுமில்லை. பத்தாக இருக்கலாம், பதினொன்றாகவும் பன்னிரண்டாகவும் இருக்கலாம், வெறும் ஒரு மணியாகவும் இருக்கலாம். வாசிக்க முடியவில்லை ஐயா என்றேன். எழுத்து என்று என்னிடம் தந்த ஒன்றை நான் முதல்முறையாகத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை இரண்டாக மடித்து றங்குப்பெட்டிக்குள் வைத்தார். தம்பி எப்போது வருவான் என்று நான் கேட்டேன். ஐயா மாட்டுப் பக்கம் போய்விட்டார்.

படலையடியில் செல்லத்துரையண்ணரும் பொன்னம்மாக்காவும் கதைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுத்தான் மிச்சத்தை அறிந்தேன். பிள்ளை ஒரு மணித்தியாலம் போல் மூச்சு வைத்திருந்ததாம். இப்போது அவர்களுக்கிடையில் துடக்குப் பற்றி வாக்குவாதம். பிறப்பானாலும் இறப்பானாலும் வீட்டுக்கு வரும் விலக்கைத்தான் துடக்கு என்பது. இது எந்தத் துடக்கு, எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியவில்லை. குடியேற்றத்தில் ஒவ்வொரு வளவும் ஒவ்வோர் ஊர். பொன்னம்மாக்காவின் ஊரில் இப்படிப் போகும் குழந்தைக்கு இறப்புத் துடக்கு இல்லையாம், பிறப்புத் துடக்கு மட்டும்தானாம். செல்லத்துரையண்ணரின் ஊரில் இரண்டும் உண்டாம்.

"எதெண்டாலும், பிள்ளை பிறந்த நிமிஷத்திலையிருந்து துடக்குத்தானே," என்றார் செல்லத்துரையண்ணர். "துடக்கு வீட்டுக்காரருக்கு விரதம் என்ன, திருவெம்பா என்ன? அதுக்குப் பிறகு என்ன திண்டாலும் குற்றமில்லை."

அவர் சொன்னது எங்கள் வீட்டில் இரவு என்ன சமைக்கலாம் என்பதற்காக. எனக்கு வேறொன்று விளங்கிவிட்டது. தம்பி பதினொரு மணிக்கு முந்திப் பிறந்திருந்தால், நான் முட்டை விசுக்கோத்துத் தின்றபோது எங்கள் வீட்டில் விரதமே இருந்திருக்காது, என்மேல் குற்றமில்லை. பதினொரு மணிக்குப் பிந்திப் பிறந்திருந்தால், விரத நாளில் பொய் சொல்லி, வாத்தியார் பெயரையும் இழுத்து, முட்டை தின்றவன் நான்; தம்பி அதற்குப் பிறகுதான் பிறந்து, போனான்.

அன்றிலிருந்து எனக்கு வேண்டியிருந்தது அந்த மணி ஒன்றுதான். அடுத்த நாட்களில் திருவெம்பாவைக் கூட்டம் எங்கள் படலையில் நிற்காமல், சங்கை ஊதாமல் கடந்து போனது; நான் பாயில் கிடந்து கணக்குப் பார்த்தேன். கிளிநொச்சிக்கு வண்டில் போய்ச்சேர எவ்வளவு நேரம், சேற்றில் எவ்வளவு நேரம், மழை எப்போது விட்டது. ஒரு நாள் பத்து மணி என்று முடிவாகும், மறுநாள் பன்னிரண்டு. ஆட்கள் இல்லாத நேரம் றங்குப்பெட்டியைத் திறந்து துண்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பேன். நீலம் நீலமாகவே இருந்தது. ஒரு கிழமைக்குப் பிறகு அம்மா ஆசுப்பத்திரியால் வந்து, முகட்டைப் பார்த்தபடி படுத்துக்கொண்டார். அவரிடம் என்ன கேட்பது? மாமி தந்த தகரத்தில் கமலியின் பாம்பு மட்டும் மிஞ்சியிருந்தது. அம்மாவிடம் அதைக் காட்ட அவள் கொண்டுபோக, நான் பறித்துக் கோழிக்கு எறிந்தேன். அவள் அழுதாள். ஏன் எறிந்தேன் என்று அம்மா கேட்கவில்லை.

வளர்ந்த பிறகு ஐயாவிடம் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். ஒருமுறை "பத்து மணி போலை" என்றார். இன்னொருமுறை, ஆசுப்பத்திரியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்த பிறகு என்று அதே நிச்சயத்தோடு சொன்னார். நான் படித்தேன், எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்து, இன்று நானே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். முட்டைக்கும் மூச்சுக்கும் தொடர்பில்லை என்பது எனக்குத் தெரியும். மாதம் முந்திய பிள்ளைகளைப் பற்றிப் புத்தகத்தில் வாசித்தும் இருக்கிறேன். தெரிந்ததால் ஒன்றும் மாறவில்லை. இத்தனை வருஷமும் விசுக்கோத்து நீட்டப்படும் இடங்களில் எனக்குப் பல் வலிக்கும்.

போன மார்கழியில் ஒரு பின்னேரம், பள்ளிக்கூடத்தில் மனையியல் படிக்கும் கமலி குசினியில் மாவும் சீனியுமாக நின்றாள். மறுநாள் திருவெம்பாவை தொடங்குகிறது. சுடுவது இன்றைக்கு, தின்பது நாளைக்கும் இருக்கும், முட்டை போடலாமோ என்று என்னைக் கேட்டாள். அந்த நாளைப் பற்றி அவளுக்கு நினைவிருப்பது, எங்கேயோ கரிக்கோட்டில் குந்தியிருந்தது மட்டும்தான். நான் வெளியே வந்தேன். அம்மா விறாந்தையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் இருந்து, அவன் எத்தனை மணிக்குப் பிறந்தான் என்று கேட்டேன். எவன் என்று அவர் கேட்கவில்லை.

"எனக்கென்ன தெரியும்? மயக்கத்திலை கிடந்தனான்," என்றார். "ஏன் உனக்கு இப்ப?"

சொன்னேன். முட்டை, வாத்தியார், மணிக்கூடு, துண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சுளகு நின்றுவிட்டது. அம்மா என்னைப் பார்க்காமல் அரிசியைக் கையால் அளைந்துகொண்டிருந்தார்.

"அதுக்கு முதல் நாள் பின்னேரம்," என்றார், "வாய் ஒரே சப்பெண்டு கிடந்துது. திருவெம்பா முடியட்டும் எண்டு கட்டி வைச்ச கருவாட்டிலை ஒரு துண்டை எடுத்துத் தணலிலை போட்டுச் சுட்டுத் திண்டனான். நீங்கள் மூண்டு பேரும் வாய்க்காலிலை குளிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். மணக்கும் எண்டு சாணியும் கரைச்சுத் தெளிச்சனான். இண்டைவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"ஐயாவுக்கும்?"

"கொப்பருக்கோ? அந்த மனிசனும் தன்ரை பங்குக்கு ஏதாவது ஒண்டைத் தலையிலை தூக்கி வைச்சுக்கொண்டுதான் திரியும். நீ போய்க் கேட்டுப்போடாதை."

பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "போடடி பிள்ளை முட்டையை," என்று சொல்லிவிட்டுப் புடைக்கத் தொடங்கினார்.

ஓவசியர் குவாட்டேஸ் இன்று ஓடு கழன்று, உள்ளே ஆமணக்கு முளைத்துக் கிடக்கிறது. மாமியின் குடும்பம் மாற்றலாகி எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. துண்டு கறையான் தின்று, றங்குப்பெட்டியின் அடியில் மண்ணாகிக் கிடந்தது. அந்த மணி எது என்று சொல்லக்கூடிய எதுவும் இனி இவ்வுலகில் இல்லை. அதைத் தேடும் அவசியமும் இல்லை என்று அம்மா சொன்ன வார்த்தையால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் அம்மா கருவாட்டைப் பற்றிச் சொன்ன அந்தக் கணத்தில் எனக்குள் எழுந்தது அதுவல்ல. அம்மா தின்றது முதல் நாள் பின்னேரம். நான் தின்றது மறுநாள் பதினொரு மணிக்கு. ஆகவே குற்றத்தில் அவர் எனக்கு முந்தியவர் என்று மனம் உடனே கணக்குப் போட்டது. போட்டு முடிய, நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியதுபோல் இலேசாக இருந்தது. பக்கத்தில் அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு அது தெரிந்திருக்குமோ? இன்றுவரை எனக்கு விளங்காதது, அந்த இலேசை நான் என்ன செய்வது என்பதுதான்.